உடன்வரட்டும் உரிமை

நுழையும்முன்
பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது தமிழர்க்குப் புதிதன்று. இன்று பிற மாநிலத்தார் தமிழகத்தை நாடி வருகின்றனர். உள்நாட்டில் இடம்பெயரும் தொழிலாளர்க்கான நம் சட்டமும் நிருவாகமும் எவ்வாறு திருந்த வேண்டும் என்பதைத் திருப்பூரை முன்வைத்து எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவுத் தொடர்வண்டி திருப்பூரில் சில மணித்துளிகளே நிற்கும். அதற்குள் தோளில் பையும் கண்களில் தூக்கக் கலக்கமுமாக இளைஞர் பலர் நடைமேடையில் இறங்கிவிடுவர். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வரும் இவர்கள் பனியன் நிறுவனங்களில் துணி வெட்டுகின்றனர், தைக்கின்றனர், பிசிறு நீக்குகின்றனர், தேய்த்து மடித்துப் பெட்டியில் அடுக்குகின்றனர். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நகரின் உழைப்பில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இவர்கள் தைத்த ஆடை தக்க ஆவணங்களோடு பல நாடுகளின் எல்லைகளைக் கடக்கிறது. தைத்தவரோ ஒரு மாநில எல்லையைக் கடந்ததுமே தம் உரிமைகள் பலவற்றை இழந்து நிற்கிறார். தொழிலாளி செல்லும் இடமெல்லாம் அவருடைய உரிமையும் உடன்செல்ல வேண்டும். சீர்திருத்தத்தின் அடிப்படை இதுவாதல் வேண்டும்.

வந்தோரால் வளர்ந்த நகர்

திருப்பூர் வந்தோரை ஏற்று வளர்ந்த ஊர். மழை பொய்த்த காலங்களில் மதுரை, தேனி, திண்டுக்கல், நெல்லை மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இங்கு வந்தனர். அவர்களுக்கு மொழி துணைநின்றது. குடும்ப அட்டையும் பள்ளியும் மாநிலத்துக்குள்ளேயே இருந்தன. வேற்று மாநிலத்தவர்க்கு இத்துணைகள் இல்லை. இந்தியாவின் எப்பகுதிக்கும் செல்லவும், அங்குக் குடியிருக்கவும், தொழில் செய்யவும் அரசமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு உரிமை வழங்குகிறது. செல்லும் உரிமை தந்த நாடு, சென்ற இடத்தில் வாழும் வழியையும் தரவேண்டும் அன்றோ?

நாம் பட்ட பாடு

இதனைத் தமிழர் எளிதில் உணர்வர். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கங்காணிகள் அழைத்துச் சென்றனர். பயணச்செலவு தொழிலாளரின் கடனாக எழுதப்பட்டது. கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் செல்லவியலாதவாறு ‘துண்டு’ என்னும் சீட்டு முறை அவர்களைக் கட்டிவைத்தது. 1921இல் அம்முறை ஒழிந்தது, இன்னல் ஒழியவில்லை. 1948இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டு அரசுகளும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. தேயிலை பறித்தோரின் உழைப்பு வேண்டப்பட்டது. அவர்களின் உரிமை மட்டும் சுமையாகக் கருதப்பட்டது. அதே பிழையை நம் மண்ணில் நாம் செய்தல் கூடாது.

சட்டமும் இடைவெளியும்

மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர்க்கென 1979இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பயணப்படி, உறைவிடம், மருத்துவ வசதி ஆகியவற்றை அது வலியுறுத்தியது. எனினும் ஒப்பந்ததாரர் வழியாக வந்தோரையே அது கருத்திற்கொண்டது. உறவினரோ நண்பரோ அழைக்கத் தாமே தொடர்வண்டி ஏறியவர் அதன் வரம்புக்குள் வரவில்லை.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் இவ்விடைவெளி வெளிப்பட்டது. யார் எங்குள்ளனர் என்னும் பதிவு இல்லாமையால் உதவி உரியவரைச் சென்றடையத் தடுமாறியது. அதன்பின் சில நன்மைகள் விளைந்தன. ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’த் திட்டத்தில் தமிழகம் 2020 அக்டோபரில் இணைந்தது. அத்திட்டத்தை எல்லா மாநிலங்களும் செயற்படுத்த வேண்டுமென 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020இல் இயற்றப்பட்ட பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தாமே வந்து வேலை தேடிக்கொண்டோரையும் புலம்பெயர் தொழிலாளராக ஏற்றது. ஆயினும் பத்துப் பேருக்குக் குறையாத புலம்பெயர் தொழிலாளர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே அதன் சிறப்புப் பிரிவுகள் பொருந்தும். சந்துகள்தோறும் சிறு ‘ஜாப் ஒர்க்’ கூடங்கள் இயங்கும் திருப்பூரில் இவ்வரம்பு எத்தனை பேரை விலக்கிவிடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

செய்யத்தக்கவை

முதலாவது, ஆள் எண்ணிக்கையைக் கருதாமல் புலம்பெயர்ந்த ஒவ்வொருவர்க்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். இரண்டாவது, கூலி நிலுவை, விபத்து முதலியவற்றை அவர்தம் மொழியிலேயே முறையிடத்தக்க உதவி மையம் தொழில் நகரங்கள்தோறும் அமைய வேண்டும். 2023 மார்ச்சில் வடமாநிலத்தார் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவியபோது, அஞ்சிய தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். நம்பிக் கேட்க ஓர் இடம் இருந்திருந்தால் அச்சம் அவ்வளவு விரைந்து பரவியிராது. மூன்றாவது, பெற்றோருடன் வரும் குழந்தைகள் ஆண்டின் எம்மாதத்திலும் பள்ளியில் சேரவும், தமிழை எளிதாகக் கற்கவும் வழிசெய்தல் வேண்டும்.

வெளியிலிருந்து வருவோர் பெருகினால் உள்ளூர்த் தொழிலாளரின் கூலி குறையும் என்பர் சிலர். அவ்வச்சத்தை எள்ளிப் புறந்தள்ளலாகாது. ஆனால், கூலியைக் குறைப்பது வந்தவரின் வருகையன்று; அவர்தம் பாதுகாப்பின்மையே. வைப்புநிதியும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் இன்றி ஒருவரைக் குறைந்த கூலிக்கு அமர்த்த முடியுமாயின், முறையான கூலி கேட்பவர் வேலை இழப்பார். தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர்களும் பேசி முடிக்கும் கூலி ஒப்பந்தம் இருவர்க்கும் ஒன்றாகப் பொருந்துமாயின், இருவரும் காக்கப்படுவர். வந்தவர் உரிமையைக் காப்பது உள்ளூரார் உரிமைக்கும் வேலியிடுவதாகும்.

இன்னும் சில ஆண்டுகளில் மாணவர்களாகிய உங்களுள் சிலர் தொழில் நடத்துவீர்கள். சிலர் அரசுப்பணி ஏற்பீர்கள். சிலர் வேலை தேடிப் பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ செல்வீர்கள். அங்கு முன்பின் அறியாத நடைமேடையில் இறங்கும்போது எத்தகைய வரவேற்பை விரும்புவீர்களோ, அதனைத் திருப்பூரில் இறங்குவோர்க்கு இன்று வழங்குவதே முறையாகும்.