பிரித்துக் கொடுத்தால் மட்டும் போதுமா?

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சியாக நீடிக்கிறது. நிர்வாகம் மூன்றானாலும் குப்பைச் சிக்கல் ஒன்றே.

வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தருவது, 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்களுக்கு விதித்த கடமை. அதைக் கலக்காமல் கொண்டுசென்று உரமாக்குவதும் மறுசுழற்சிக்கு அனுப்புவதும் உள்ளாட்சியின் கடமை. பிரித்துக் கொடுத்த குப்பை வண்டியில் ஒன்றாகக் கலந்தால், மறுநாள் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

அம்பத்தூரின் குப்பை சேரும் கொடுங்கையூரிலும், ஆவடியின் சேக்காட்டிலும் மலையாய்க் குவிந்ததைப் பெருஞ்செலவில் அகழ்ந்து பிரிக்க நேர்ந்தது, வாசலில் பிரிக்கத் தவறியதன் விலை.

பெற்றது எவ்வளவு, உரமானது எவ்வளவு, கிடங்குக்குப் போனது எவ்வளவு என வார்டுவாரியாக மாதந்தோறும் கணக்கு வெளியிடட்டும். அபராத எச்சரிக்கையைவிட அந்தக் கணக்கே மக்களைப் பிரிக்கத் தூண்டும்.