ஆளுநருக்கு ஓட்டு இல்லை. ஆனால் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு



2025 நவம்பர் 4 அன்று அமெரிக்காவில் நடந்த தேர்தல்கள் நம் வீடுகளிலும் பேச்சாக இருந்தன. நியூயார்க் மேயராக ஜோஹ்ரான் மம்தானி வென்றார். அதே நாளில் வர்ஜீனியா மாநிலத்தின் துணை ஆளுநராக, ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி மக்கள் வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டார். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் கடையநல்லூரிலும் அந்தச் செய்தி கைபேசிக்குக் கைபேசி பறந்தது. 2026 நவம்பரில் அங்கே 36 மாநிலங்கள் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கப் போகின்றன. வேட்பாளர்கள் இப்போதே களத்தில் இருக்கிறார்கள்.

இதைப் படித்த நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று: "வாப்பா, நம்ம ஆளுநருக்கு எப்போ ஓட்டு?"

நமக்கு அப்படி ஒரு தேர்தல் இல்லை. ஆனால் சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. ஆளுநரின் அதிகாரம் அந்தத் தேர்தலின் பெரிய பேச்சுகளில் ஒன்றாக இருக்கும். ஆகவே பிள்ளைகளின் கேள்விக்கு நாம் சரியான பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஏறத்தாழ வந்துவிட்ட தேர்தல்

ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் நம் அரசியல் நிர்ணய சபையின் முதல் யோசனை. 1948 பிப்ரவரியில் வெளியான வரைவு அரசியல் சட்டத்தில் இரண்டு வழிகள் தரப்பட்டிருந்தன. ஒன்று, மாநில மக்கள் நேரடியாக வாக்களிப்பது. மற்றொன்று, சட்டமன்றம் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, அவர்களில் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பது.

1949 மே மாத இறுதியில் இரண்டும் கைவிடப்பட்டன. குடியரசுத் தலைவரே நியமிப்பார் என்று முடிவானது. மக்கள் வாக்குப் பெற்ற முதலமைச்சர் ஒருவரும், மக்கள் வாக்குப் பெற்ற ஆளுநர் ஒருவரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் மோதல்தான் மிஞ்சும் என்பது முக்கியமான காரணம். தேசப் பிரிவினையின் காயம் ஆறாத நேரம் என்பதால், மாநிலங்கள் விலகிப் போய்விடுமோ என்ற அச்சமும் இருந்தது. நேருவும் நியமன முறையையே ஆதரித்தார்.

அந்தச் சபையில் சென்னை மாகாணத்தின் உறுப்பினர்களில் ஒருவராக அமர்ந்திருந்தவர், நம் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப். சிறுபான்மையினரின் உரிமைக்காகவும் தமிழுக்காகவும் அங்கே குரல் கொடுத்தவர். அரசியல் சட்டம் என்பது டெல்லிக்காரர்களின் சங்கதி, நமக்கு அதில் வேலையில்லை என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. அது எழுதப்பட்ட இடத்தில் நம் ஊர்க்காரரும் இருந்தார்.

நியமன ஆளுநரை ஏற்றவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பார், தாமாகச் செய்ய அவருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது என்பதே அது. அந்த நம்பிக்கை பொய்த்த இடத்தில்தான் இன்றைய சிக்கல் தொடங்குகிறது.

நெல்லைக்கு இதில் என்ன?

ஆளுநர் மாளிகை சென்னையில் இருக்கிறது, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியில் படித்தாலும், தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்தாலும், பட்டம் தருவது அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். 1990இல் தொடங்கப்பட்ட அதன் வேந்தர் ஆளுநர்.

2025 ஆகஸ்ட் 13 அன்று அங்கே நடந்த பட்டமளிப்பு விழாவில், முனைவர் பட்டம் பெற வந்த ஒரு மாணவி ஆளுநர் ஆர்.என். ரவியைக் கடந்து சென்று, துணைவேந்தரிடம் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். நாடு முழுவதும் அது செய்தியானது. அவர் செய்தது சரியா தவறா என்று பட்டிமன்றம் நடத்தியவர்கள் பலர். ஒரு பட்டமளிப்பு மேடை இந்த அளவுக்கு அரசியல் மேடையாக ஏன் ஆனது என்று கேட்டவர்கள் குறைவு.

ஆளுநர் வேந்தராக இருப்பது அரசியல் சட்டம் தந்த பொறுப்பு அன்று. நம் சட்டமன்றம் இயற்றிய பல்கலைக்கழகச் சட்டங்கள் தந்த பொறுப்பு. எனவே சட்டமன்றமே அதை மாற்றலாம். துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்களை அது நிறைவேற்றவும் செய்தது. ஆனால் மசோதா சட்டமாக வேண்டுமென்றால் ஆளுநர் கையெழுத்திட வேண்டும். தம் அதிகாரத்தைக் குறைக்கும் தாளில் தாமே கையெழுத்திட வேண்டிய நிலை. அந்தத் தாள்கள் அவர் மேசையிலேயே கிடந்தன.

இடையில் துணைவேந்தர் தேர்வுக் குழுவில் யார் இருப்பது என்ற இழுபறியும் சேர்ந்துகொண்டது. கோவை பாரதியார் பல்கலைக்கழகம் 2022 முதலும், சென்னைப் பல்கலைக்கழகம் 2023 முதலும் துணைவேந்தர் இல்லாமல் நின்றன. ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் அதன் பலனை அனுபவித்தார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய் தகப்பனுக்கு இது சின்ன விஷயம் அன்று.

நீதிமன்றம் சொன்னது என்ன?

தமிழ்நாடு அரசு 2023இல் உச்ச நீதிமன்றம் சென்றது. அதன் பிறகு, அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று ஆளுநர் 10 மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். நவம்பர் 18 அன்று சட்டமன்றம் கூடி அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. அரசியல் சட்டத்தின் 200ஆம் பிரிவின்படி, அப்படி மீண்டும் வந்தால் ஒப்புதல் தர வேண்டும். அவரோ குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இது சட்டவிரோதம் என்றது. 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று அறிவித்தது. இனி ஆளுநர்கள் ஒரு மாதம், மூன்று மாதம் என்ற கால வரம்புக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் கூறியது. ஆனால் அடுத்த மாதமே, துணைவேந்தர் நியமனம் தொடர்பான புதிய சட்டப் பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக் கால அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. வழக்குத் தொடுத்தவர் நம் நெல்லையைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர்.

பிறகு குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு பதிலளித்தது. ஆளுநருக்கு நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கருதவும் முடியாது என்றது. அதே நேரம், மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்தி வைக்க ஆளுநருக்கு உரிமை இல்லை என்றும், காரணமின்றி நீண்ட காலம் கிடப்பில் போட்டால் முடிவெடுக்குமாறு நீதிமன்றம் சொல்லலாம் என்றும் கூறியது.

ஏப்ரலில் திறந்த கதவு நவம்பரில் பாதி மூடியது என்று இதைச் சொல்லலாம்.

கிடப்பில் போடுவது யாரைச் சுடும்?

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. மேலப்பாளையம் பக்கம் ஓடும் பாளையங்காலில் தண்ணீர் விடுவார்கள், அல்லது இந்தக் கார் பருவத்துக்கு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். இல்லை என்றால் விவசாயி வேறு வழி பார்ப்பார். திறப்போம் என்றும் சொல்லாமல் மாட்டோம் என்றும் சொல்லாமல் இருந்தால், நாற்று விட்டவரின் வயிறுதான் எரியும். முதலில் கருகுவது கடைமடைப் பயிர்.

நம் சமுதாயம் அந்தக் கடைமடையில் நின்ற ஒரு விவகாரம் உண்டு. நீண்ட காலம் சிறையில் உள்ள ஆயுள் கைதிகளின் முன்விடுதலை பற்றி ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் தமிழ்நாடு அரசு குழு அமைத்தது. அதன் பரிந்துரையில் முதல் கட்டமாக 49 பேரின் கோப்புகள் 2023 ஆகஸ்டில் ஆளுநருக்கு அனுப்பப்பட்டன. அவர்களில் 20 பேர் முஸ்லிம்கள் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் தெரிவித்தார். அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, கைதிகளின் விடுதலைக் கோப்புகள் நிலுவையில் இருப்பதையும் புகாரில் சேர்த்தது.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். குற்றத்தையோ தீர்ப்பையோ நாம் நியாயப்படுத்தவில்லை. 1998 கோவைக் குண்டுவெடிப்பில் உறவை இழந்த குடும்பங்களின் வலி உண்மையானது. அதை மறைத்துவிட்டு நியாயம் பேச முடியாது. நாம் கேட்பது வேறு. தகுதி இருந்தால் 'விடலாம்' என்று எழுதுங்கள். இல்லையென்றால் 'முடியாது' என்று காரணத்தோடு எழுதுங்கள். இருபது வருடத்துக்கு மேல் மகனை எதிர்பார்த்து முதுமையடைந்த ஓர் உம்மாவுக்கு பதிலே சொல்லாமல் இருப்பது எந்தச் சட்டத்திலும் தண்டனையாக எழுதப்படவில்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. பேரறிவாளன் வழக்கில் 2018இல் அமைச்சரவை அனுப்பிய பரிந்துரை ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. 161ஆம் பிரிவின் கீழ் அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்றும் கூறியது.

'நம்மவர்' வந்தால் போதுமா?

ஆளுநராக நல்ல மனிதர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நம் சமுதாயத்தவர் வந்தால் இன்னும் நல்லது என்பார்கள். தமிழ்நாட்டுக்கு அந்த அனுபவம் உண்டு.

உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான ஃபாத்திமா பீவி அவர்கள் 1997 முதல் 2001 வரை நம் ஆளுநர். முஸ்லிம் பெண்மணி ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் 1999இல் ராஜீவ் வழக்குக் கைதிகளின் கருணை மனுவை அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமல் அவர் நிராகரித்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2001இல் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதாவை முதலமைச்சராக நியமித்தது, பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. அதற்கு முன்பே அவரைத் திரும்ப அழைக்க மத்திய அமைச்சரவை பரிந்துரைத்து, அவர் பதவி விலகியிருந்தார்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1991இல் கருணாநிதி அரசைக் கலைக்க அறிக்கை கேட்டபோது, ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா தர மறுத்தார். ஆனாலும் அரசு கலைக்கப்பட்டது.

பெருமைக்குரியவர் தவறலாம். நேர்மையானவர் தோற்கலாம். ஆகவே ஆளை விட விதிதான் முக்கியம். சர்க்காரியா, பூஞ்சி ஆணையங்கள் இதைத்தான் பல வகையில் சொல்லின. நியமனத்துக்கு முன் முதலமைச்சரைக் கலந்தாலோசிக்க வேண்டும், தீவிர அரசியலில் இருந்தவரைத் தவிர்க்க வேண்டும், மசோதாவுக்குக் கால வரம்பு வேண்டும், வேந்தர் பதவி போன்ற கூடுதல் பொறுப்புகளை ஆளுநர் மேல் ஏற்றக் கூடாது. பரிந்துரைகள் அலமாரியில் இருக்கின்றன. காங்கிரஸ் ஆண்டபோதும் பாஜக ஆண்டபோதும் டெல்லிக்கு அவற்றை நிறைவேற்ற மனம் வரவில்லை.

அமெரிக்காவைப் போல ஆளுநருக்குத் தேர்தல் வைப்பது தீர்வாகுமா? நாம் அப்படி நினைக்கவில்லை. அங்கே ஆளுநர்தான் அரசின் தலைவர். நமக்கு அந்த இடத்தில் முதலமைச்சர் இருக்கிறார். 1949இல் சொன்ன மோதல் அச்சம் இன்றும் நியாயமானதே. நமக்குத் தேவை கால வரம்பு, எழுத்தில் காரணம், இவற்றை உறுதிசெய்யும் அரசியல் சட்டத் திருத்தம். நீதிமன்றம் வரம்பு விதிக்க முடியாது என்று சொல்லிவிட்ட பிறகு, அதைச் செய்ய வேண்டிய இடம் நாடாளுமன்றம்.

வேட்பாளர் வாசலுக்கு வரும்போது

நெல்லை மாவட்டத்தில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள். 2021இல் பாளையங்கோட்டையிலும் இராதாபுரத்திலும் திமுக, திருநெல்வேலியில் பாஜக, அம்பாசமுத்திரத்தில் அதிமுக, நாங்குநேரியில் காங்கிரஸ் வென்றன. இராதாபுரத்தின் அப்பாவு சட்டமன்றத் தலைவராக ஆளுநர் உரையைத் தமிழில் வாசித்தவர். திருநெல்வேலியின் நயினார் நாகேந்திரன் இன்று பாஜகவின் மாநிலத் தலைவர். ஆக, இந்தச் சண்டையின் இரு தரப்பும் நம் தெருவுக்கே ஓட்டுக் கேட்டு வரப்போகிறது.

வரும்போது, சாலை, சாக்கடை, குடிநீரோடு இந்த மூன்றையும் கேளுங்கள். மசோதாவுக்கும் விடுதலைக் கோப்புக்கும் கால வரம்பு வைக்க உங்கள் கட்சி நாடாளுமன்றத்தில் வாக்களிக்குமா? நாளை டெல்லியில் உங்கள் கூட்டணி ஆண்டாலும் இதே பேச்சுப் பேசுவீர்களா? நம் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் நாற்காலி ஒருபோதும் காலியாகக் கிடக்காது என்று உறுதி தருவீர்களா? ஆளுநரைத் திட்டுவதால் மட்டும் மாநில அரசு தப்பிவிட முடியாது. கோப்பு ஆளுநரிடம் போவதற்கு முன் கோட்டையில் எத்தனை வருடம் கிடந்தது என்பதும் நியாயமான கேள்விதான்.

கேட்பதற்கு முன் நம் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர் போக, வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்கள், வாடகை வீடு மாறியவர்கள் என்று நம் குடும்பங்களில் விடுபட வாய்ப்புள்ளவர்கள் அதிகம். ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில் பட்டியலை வைத்து, வீடு வீடாகச் சரிபார்த்தால் இரண்டு நாள் வேலை.

"நம்ம ஆளுநருக்கு எப்போ ஓட்டு?" என்று கேட்ட பிள்ளைக்கு இப்போது பதில் சொல்லலாம். அவருக்கு ஓட்டு இல்லை. அவரை நியமிப்பவர்களையும் அவருக்கு மசோதா அனுப்புபவர்களையும் தேர்ந்தெடுக்கும் இரண்டு ஓட்டுகள் நம்மிடம் இருக்கின்றன. அதில் ஒன்றை இன்னும் சில மாதங்களில், இன்ஷா அல்லாஹ், போடப் போகிறோம். வீட்டில் யார் பெயராவது விடுபட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுவோம்.