தீவுகளின் வைத்தியத்தை அரசே நடத்த வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழுவினர்,
தீவுவாழ் தமிழ்க் குடும்பங்களின் நலச் சங்கம்,
ஸ்ரீ விஜயபுரம்.

பெறுநர்:
மாண்புமிகு துணைநிலை ஆளுநர் அவர்கள்,
அந்தமான் நிக்கோபார் தீவுகள்.

நகல்: தலைமைச் செயலர், சுகாதாரத் துறைச் செயலர், சுகாதாரப் பணிகள் இயக்குநர், நாடாளுமன்ற உறுப்பினர்.

பொருள்: வெளித்தீவு அரசு மருத்துவமனைகளை வலுப்படுத்துதல், மெயின்லேண்டுக்கு ரெஃபர் செய்யப்படும் நோயாளிகளின் செலவு, தனியார் மருத்துவத்துக்கு வரம்பு விதித்தல் குறித்து.

மாண்புமிகு ஐயா,

இந்தப் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் கிடையாது. எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்துவிட்டு அடுத்த தேர்தலில் கணக்குக் கேட்கும் வசதி எங்களுக்கு இல்லாததால் நேராகத் தங்களிடமே வருகிறோம். பெரிய தனியார் மருத்துவமனை ஒன்று வந்துவிட்டால் நம் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று இங்கே பலர் பேசுகிறார்கள். எங்கள் சங்கத்திலேயே அப்படி நினைப்பவர்கள் உண்டு. அவர்களோடு பேசி, சண்டையும் போட்ட பிறகே இதை எழுதுகிறோம்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. சென்னையின் ஒரு பகுதிக்குள் அடங்கிவிடும் கூட்டம்தான். ஆனால் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் கேம்ப்பெல் பேக்கும் நடுவில் 500 கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. தனியார் மருத்துவமனை நோயாளி நிறைய வரும் இடத்தில்தான் கடை விரிக்கும். அது அதன் தொழில், குறை சொல்ல முடியாது. வந்தால் ஸ்ரீ விஜயபுரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வரும். கமோர்ட்டாவுக்கோ ஹட்பேக்கோ போகாது. கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனையும் மாயாபந்தரில் ராஜேந்திர பிரசாத் மருத்துவமனையும் நிற்பது, அரசு லாப நஷ்டக் கணக்குப் பார்க்காததால்தான்.

எங்கள் உறுப்பினர்களில் சிலர் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் பிள்ளைகள். அரசு வைத்தியம், முதலாளி வைத்தியம் என்ற ஒப்பீட்டை இவர்களின் பெற்றோர் புத்தகத்தில் படிக்கவில்லை, வாழ்ந்து பார்த்தார்கள். இலங்கையில் அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. ஏழை நாடாக இருந்தும் குழந்தை இறப்பையும் பிரசவ இறப்பையும் அது வெகுவாகக் குறைத்ததை உலகமே பேசுகிறது. ஆனால் அதே நாட்டில், தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர்களுக்கு வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. டிஸ்பென்சரி ஒன்று இருக்கும். முழு டாக்டர் இருக்க மாட்டார். குழந்தை இறப்பு நெடுங்காலம் நாட்டின் சராசரியைவிடத் தோட்டங்களில் அதிகமாகவே இருந்தது. 1990-களில்தான் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு கையில் எடுக்கத் தொடங்கியது. ஒரே மலையில் இரண்டு விதமான ஆயுள். தீவுகளிலும் அப்படி ஒரு கோடு விழுந்துவிடக் கூடாது என்பதே எங்கள் பயம்.

தனியார் செய்யாத இன்னொரு வேலையும் இருக்கிறது. 1980-களின் கடைசியில் வட அந்தமானில் காய்ச்சலோடு ரத்தம் கக்கி ஆட்கள் இறந்தபோது அதற்குப் பெயர்கூடத் தெரியவில்லை. அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றார்கள். வயலிலும் சேற்றிலும் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ்தான் அது என்று கண்டுபிடித்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இங்குள்ள மையம். அந்த ஆராய்ச்சிக்கு எந்த நோயாளி பில் கட்டியிருப்பார்? 1996-இல் கடம்தலா பக்கம் கால் ஒடிந்து கிடந்த ஜாரவா பழங்குடிச் சிறுவனைத் தலைநகரின் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனையில் பல மாதம் வைத்துக் குணப்படுத்தினார்கள். அவனிடம் எந்த அட்டையும் இல்லை, காசு என்ற பொருளும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிக்கோபாரிலிருந்து அடிபட்டவர்களை விமானத்தில் ஏற்றி வந்தபோதும் யாரும் முன்பணம் கேட்கவில்லை.

இனி மருத்துவக் காப்பீட்டு அட்டை விஷயம். 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு கிடைக்கிறது. 2024 முதல் 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பும் இல்லை. நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் அது படுக்கையில் சேர்ந்தால்தான் காசு தரும். மாதாமாதம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குபவருக்கு அதில் ஒன்றுமில்லை. அந்த மாத்திரை ஒழுங்காகக் கிடைத்திருந்தால் பாதிப் பேர் படுக்கைக்கே போயிருக்க மாட்டார்கள்! ரெஃபர் ஆகிச் சென்னைக்குப் போகிறவருக்கோ, கப்பல் என்றால் மூன்று நாள், விமானம் என்றால் கையைக் கடிக்கும் டிக்கெட். அங்கே அட்டை நோயாளியைப் பார்த்துக்கொள்கிறது. துணைக்குப் போன மனைவி மருத்துவமனைக்கு எதிரே அறை எடுத்துத் தங்கி, பொங்கிச் சாப்பிட வழியில்லாமல் கையேந்தி பவனில் சாப்பிட்டு நாள் எண்ணுகிறார். எங்கள் உறுப்பினர் ஒருவர் அறுவை சிகிச்சைக்குக் காசு கொடுக்கவில்லை. ஆனால் அறை வாடகைக்காக நகையை அடகு வைத்தார்.

ஆகவே நாங்கள் முதலாவதாகவும் அழுத்தமாகவும் கேட்பது ஆட்களை. மகப்பேறு மருத்துவர் இருந்தும் மயக்க மருந்து நிபுணர் இல்லையென்றால் ஆபரேஷன் தியேட்டர் விளக்கு எரியும் அறை மட்டுமே. மாயாபந்தர், கார் நிக்கோபார், டிக்லிபூர், கமோர்ட்டா, கேம்ப்பெல் பே, ஹட்பே ஆகிய இடங்களுக்கு, 2015-இல் தொடங்கிய நம் அரசு மருத்துவக் கல்லூரியின் நிபுணர்களைக் குழுவாக, முறை வைத்து அனுப்ப வேண்டும். போகிறவர்களுக்குக் குடும்பத்தோடு தங்க நல்ல குவார்ட்டர்ஸும் தனிப்படியும் கொடுங்கள். ஒழுகும் கூரைக்கடியில் யாரும் இரண்டு வருஷம் இருக்க மாட்டார்கள்.

அடுத்தது மருந்து. மழைக்காலத்தில் கப்பல் நின்றால் மருந்தும் நிற்கிறது. தமிழ்நாட்டில் 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து, கிடங்கு இருப்பைக் கணினியில் கண்காணிக்கிறது. அதே முறையில் வெளித்தீவுகளில் பருவமழைக்கு முன்பே மூன்று மாத இருப்பு சேர வேண்டும்.

ரெஃபர் ஆகும் நோயாளியோடு ஒரு துணையாளின் பயணம், தங்குமிடம், சாப்பாடு மூன்றும் அவர் ஜெட்டியில் காலை வைக்கும் முன்பே உறுதியாக வேண்டும். திரும்பி வந்து ரசீது கொடுத்துக் காத்திருப்பது ஏழைக்கு ஆகாது. சென்னையில் தீவு நோயாளிகளுக்கென ஒரு தங்கும் விடுதி, அங்கே தமிழும் இந்தியும் வங்காளமும் நிக்கோபாரியும் தெரிந்த ஓர் அலுவலர் வேண்டும்.

தனியார் வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பல வேளைகளில் அவர்களால்தான் சீக்கிரம் நடக்கிறது. ஆனால் 2012 முதல் இங்கே நடைமுறையில் உள்ள மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் விதிப்படி கட்டணப் பட்டியலை உள்ளூர் மொழிகளில் வாசலில் எழுதி மாட்ட வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு இணைக்க 2020-இல் நீதி ஆயோக் முன்வைத்த திட்டத்தில், இலவசப் படுக்கை ஒரு பக்கம், சந்தை விலைப் படுக்கை இன்னொரு பக்கம் என்று ஒரே மருத்துவமனையைப் பிரிக்க வழி இருந்தது. அந்த மாதிரியைத் தீவுகளின் எந்த அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவருவதில்லை என்று நிர்வாகம் எழுத்துமூலம் உறுதி தர வேண்டும்.

கிரேட் நிக்கோபாரில் துறைமுகமும் நகரமும் எழுப்பும் திட்டம் பல பத்தாயிரம் கோடி ரூபாயில் பேசப்படுகிறது. வரப்போகும் கப்பல்களுக்கு முன்னால், இன்று அங்கே வாழும் நிக்கோபாரி, ஷோம்பன் மக்களுக்கும், 1969 முதல் குடியேறிய குடும்பங்களுக்கும் சிசேரியன் செய்ய முடிந்த, ரத்த வங்கியுள்ள அரசு மருத்துவமனை அந்தத் தீவிலேயே வேண்டும்.

இவை குறித்து எங்கள் பிரதிநிதிகள் ஐவரை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வெளித்தீவிலிருந்து வருகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்க வேண்டும் என்பதால் பத்து நாள் முன்பாகத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயற்குழுவினர்