கைகள் பேசிய தாய்மொழி

நேமத்தான்பட்டியில் நம் நண்பர் ஒருவரின் தாயார் அண்மையில் காலமானார். பிறவியிலேயே செவிப்புலன் இழந்தவர். துக்கம் விசாரிக்கச் சென்று திண்ணையில் அமர்ந்திருந்தபோது, வந்தவர் பலரும் ஒரே பாங்கில் இரங்கக் கேட்டோம்: "பாவம், ஒரு வார்த்தை பேசாமலே வாழ்ந்து முடித்துவிட்டார்." நண்பர் மறுத்துரைக்கவில்லை. நமக்கோ அச்சொல் உறுத்தியது.

அவ்வம்மையார் பேசாதவர் அல்லர். மழைக்கு ஒரு குறி, கடன்காரனுக்கு ஒரு குறி, பேரப்பிள்ளையின் பொய்க்கு ஒரு குறி என்று அவர்தம் கைகள் ஓயாது பேசின. மகனை அவர் அழைத்த பெயரும் ஓர் அசைவே: வலப்புருவத்தை இருமுறை தொடுதல். சிறுவயதில் விழுந்து பட்ட தழும்பு அங்கே உண்டு. வகுப்பில் காரணப்பெயருக்கு நாம் தரும் எடுத்துக்காட்டுகளில் இத்துணை அழகியது இல்லை.

பேச இயலாதவர் நீதிமன்றத்தில் சைகையால் கூறுவது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும் என்றது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. சட்டத்துக்கு இல்லாத தயக்கம் துக்க வீட்டில் நமக்கு ஏன்? 'குறிப்பறிதல்' என்ற தலைப்பில் பொருட்பாலில் ஒன்றும் இன்பத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் வகுத்த வள்ளுவரைப் பயிற்றுவிக்கும் துறையன்றோ நம்முடையது!

அன்பு மட்டும் இருந்தால் போதாது என்பதையும் சொல்லவேண்டும். 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் அன்னை எலிசா செவித்திறன் குன்றியவர். பிறர் அவரது கேட்புக் குழலில் உரக்கப் பேச, மகனோ அவர் நெற்றியருகே குனிந்து தாழ்ந்த குரலில் பேசுவார்; விரல் எழுத்துகளாலும் உரையாடுவார். அத்தகைய மகனே பின்னாளில் செவிடர் பள்ளிகளில் சைகைமொழி கூடாதென வாதிட்டார். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு சைகையை ஒதுக்கித் தீர்மானித்தது. அத்தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவிக்க, 2010இல் வான்கூவர் மாநாடு வரை, 130 ஆண்டுகள் ஆயின.

இந்தியச் சைகைமொழிக்கு இன்று அகராதி உண்டு. 2021இல் அது 10,000 சொற்களை எட்டியது. ஆயினும் ஒரு வீட்டுக்குள் ஒரு தாய் தாமே படைத்துக்கொண்ட குறிகள் அதில் இடம்பெறா. அவை அவரோடும் அவர் மக்களோடும் மறைந்துபோகும். தாலாட்டும் ஒப்பாரியும் திரட்ட மாணவரை ஊரூராய் அனுப்பும் நாம், இவற்றைத் திரட்ட ஒருவரையேனும் அனுப்பியதுண்டா? ஒலிப்பதிவுக் கருவியில் அகப்படாதது வழக்காறு ஆகாது என்று எண்ணிவிட்டோம் போலும். இன்று மாணவர் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் படம்பிடிக்கும் வசதி இருக்கிறது. அத்தாய்மாருக்குப் புகழுரை வாசிப்பதினும் இப்பணியே அவர்க்குச் செய்யும் சிறப்பு என்பது நம் கருத்து.

விடைபெறுமுன் நண்பரிடம் அக்குறிகளைக் காட்டுமாறு வேண்டினோம். முதலில் கூசினார், பின்னர் ஒவ்வொன்றாகக் காட்டலானார். "அம்மா இப்படிச் செய்யமாட்டார்" என்று தங்கையார் இடையிடையே திருத்தினார். நாற்பதுக்கு மேல் எண்ணினோம். தம் பெயரை மட்டும் நண்பர் காட்டவில்லை. தங்கையார்தாம் அண்ணனைப் பார்த்துத் தம் வலப்புருவத்தை இருமுறை தொட்டார்.