டிக்கெட் கேட்காத திருவிழா

பிழைப்புத் தேடி வந்தவனுக்கு வேலை கொடுக்க எந்த நகரமும் அஞ்சுவதில்லை. வீடு கொடுக்கத்தான் தயங்கும். வீதியை மட்டும் கொடுக்கவே கொடுக்காது. "வேலையைப் பார், கூலியை வாங்கு, சத்தம் போடாமல் கிட!" இதுதான் உலகமெங்கும் வெளியூர்க்காரனுக்குச் சொல்லப்படும் சட்டம். அந்தச் சட்டத்தை மேளம் கொட்டி மீறிய மக்கள் லண்டனில் இருக்கிறார்கள். அவர்களுடைய கதையை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

லண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் நாட்டிங் ஹில் என்ற பேட்டை இருக்கிறது. ஆகஸ்டு மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையும் அதற்கு முந்திய ஞாயிறும் அங்கே கார்னிவல் நடக்கிறது. இரு நாட்களிலும் சேர்ந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கூடுகிறார்கள். வேடமிட்டோர் ஊர்வலம் ஒரு புறம். எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டி வடித்த ஸ்டீல் வாத்தியங்கள் ஒரு புறம். தெருமுனைகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சவுண்ட் சிஸ்டங்கள். திருவிழாத் தெருவில் நடக்க யாரும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

மேற்கிந்தியத் தீவுகள் என்றால் நமக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம்மவர்களும் சென்னையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அந்தப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிப் போனார்கள். அவர்களுக்கு முன்பே அங்கே அடிமைகளாக உழைத்தவர்கள் ஆப்பிரிக்க மக்கள். டிரினிடாடில் 1830களில் விடுதலை பெற்ற அந்த மக்கள் வீதியில் இறங்கிக் கொண்டாடியதுதான் இந்தக் கார்னிவலின் வேர். அங்கேயும் வெள்ளை ஆட்சி 1880களில் முரசு கொட்டத் தடை போட்டது. மக்கள் மூங்கிலைத் தட்டினார்கள். பிறகு பீப்பாயைத் தட்டினார்கள். தாளம் நிற்கவில்லை!

சவுண்ட் சிஸ்டம் வேறு தீவின் பிள்ளை. நம்மூர்க் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் வரும் மைக் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோல ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் 1940களின் இறுதியில் தோன்றியது இது. வாத்தியக் கோஷ்டி அமர்த்தவும் பெரிய கிளப்புக்குள் நுழையவும் வசதியில்லாத உழைப்பாளிக்காக, ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி இசைத்தட்டுப் போட்டார்கள். ஒருவர் தட்டை மாற்றுவார். ஒருவர் மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை உசுப்புவார். காக்ஸன் டாட், டியூக் ரீட் போன்ற செட் உரிமையாளர்கள் பின்னர் தாங்களே பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். உலகம் கேட்கும் ரெகே இசை வளர்ந்ததில் அவர்கள் பங்கு பெரிது.

1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் இங்கிலாந்தின் கரையைத் தொட்டது. போரில் நொறுங்கிய அந்த நாட்டுக்குக் கைகள் தேவைப்பட்டன. 1956இல் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் பார்படோஸ் தீவுக்கே ஆள் எடுக்கப் போனது. பஸ் ஓட்ட, ரயில் துடைக்க, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் புரட்டிப் போடக் கறுப்புக் கைகள் வேண்டும். வாடகை வீட்டுக் கதவில் மட்டும் "கறுப்பருக்கு இடமில்லை" என்ற அட்டை! மதுக்கடையிலும் நடன மண்டபத்திலும் அதே கதைதான். எனவே அவர்கள் தங்கள் நிலவறை வீடுகளிலேயே செட் வைத்து ஆடினார்கள். டியூக் வின் என்ற ஜமைக்காக்காரர் 1950களின் நடுவில் இந்தப் பகுதியில்தான் செட் அமைத்தார்.

1958 ஆகஸ்டில் வெள்ளை வெறியர் கும்பல்கள் நாட்டிங் ஹில்லில் கறுப்பர் வீடுகளைத் தாக்கின. அப்போது டிரினிடாடில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் என்ற அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? கம்யூனிஸ்டு என்பதற்காக அமெரிக்காவில் சிறையிடப்பட்டு நாடு கடத்தப்பட்டவர் அவர்; லண்டனில் 'வெஸ்ட் இந்தியன் கெஜட்' என்ற பத்திரிகை நடத்தியவர். 1959 ஜனவரி 30 அன்று, கடுங்குளிரில், செயின்ட் பேங்க்ராஸ் நகர மண்டபத்துக்குள் கார்னிவல் நடத்தினார். வருமானத்தில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் அபராதம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்குப் போனது. அடிபட்ட மக்களுக்கு அழுவதற்கு மட்டுமல்ல, ஆடுவதற்கும் ஒரு மேடை வேண்டும் என்பதை உணர்ந்த தலைவி அவர். அதே ஆண்டு மே மாதம் கெல்சோ காக்ரேன் என்ற தச்சுத் தொழிலாளி அந்தப் பகுதியில் குத்திக் கொல்லப்பட்டார். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

1966ஆம் ஆண்டை ரயில்வேக்காரர்கள் மறக்கக் கூடாது. டொமினிக்கா தீவிலிருந்து வந்த கார்டு ஆஸ்க்வித் சேவியர், யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு மாற்றல் கேட்டார். நிறத்தைக் காரணமாக்கி மறுத்தார்கள். அந்தத் தடையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அங்கிருந்த தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் பங்கு இருந்தது! சங்கத்துக்காரனான எனக்கு இது நெஞ்சில் தைக்கிறது. சேவியர் விடவில்லை. தடை உடைந்தது, ஆகஸ்டு 15 அன்று யூஸ்டனில் பணியேற்றார். அதே ஆண்டில்தான் ரவுன் லாஸ்லெட் என்ற சமூகத் தொண்டர் நாட்டிங் ஹில் குழந்தைகளுக்காகத் தெருவிழா நடத்தினார். ரஸ்ஸல் ஹெண்டர்சனின் ஸ்டீல் வாத்தியக் குழு நின்ற இடத்தில் நிற்காமல் வீதியில் நடக்கத் தொடங்கியது. சனம் பின்னால் நடந்தது. மண்டபத்திலிருந்த விழா வீதிக்கு வந்தது!

1973இல் பொறுப்பேற்ற லெஸ்லி பால்மர் சவுண்ட் சிஸ்டங்களைத் தெருவோரத்தில் நிறுத்தினார். டிரினிடாடுக்காரரோடு ஜமைக்காக்காரரும், லண்டனிலேயே பிறந்த பிள்ளைகளும் சேர்ந்தார்கள். 1976இல் மூவாயிரம் போலீசார் குவிக்கப்பட்டனர்; பெருங்கலவரம் மூண்டது. தடை செய் என்று கூச்சல் எழுந்தது. அமைப்பாளர்கள் பணியவில்லை.

இன்றும் ஒரு கோரிக்கை அவ்வப்போது தலைதூக்குகிறது: விழாவைப் பூங்காவுக்கு மாற்று, வேலி போடு, டிக்கெட் வை. நெரிசல் ஆபத்து உண்மைதான். 2024இல் கத்திக்குத்தில் உயிரிழப்பும் நேர்ந்தது. அதை மூடி மறைப்பது நேர்மையல்ல. ஆனால் அதற்கு மருந்து, கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் பணமும் ஆளும் தருவது. 2025இல் அமைப்பாளர்கள் அரசிடம் கேட்டதும் அதைத்தான். வேலி போட்டால் என்ன ஆகும்? டிக்கெட் விற்பவன் முதலாளி ஆவான். விழாவைப் பெற்றெடுத்தவன் வேலிக்கு வெளியே நிற்பான்.

அந்தத் தெருவின் மேல் அவர்களுக்கு உள்ள பாத்தியதை வெறும் ஆட்டத்தால் வந்ததல்ல. 2017 ஜூனில் பக்கத்திலிருந்த கிரென்ஃபெல் அடுக்குமாடி தீப்பற்றி 72 பேர் மாண்டார்கள். அவர்களுக்காகக் கார்னிவலின் நடுவே 72 விநாடி மௌனம் காத்தார்கள். நெஞ்சை அதிரவைக்கும் அந்தப் பெட்டிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. இதை எந்த டிக்கெட் வியாபாரி செய்வான்?

நம் சங்கங்களுக்கும் இதில் பாடம் உண்டு. பொங்கல் விழாவைக் குளிர்சாதன மண்டபத்துக்குள் கொண்டுபோய், நன்கொடை தந்தவருக்கு முன்வரிசை, சுமை தூக்குகிறவருக்கு வாசற்படி என்று ஆக்கிவிட்டால், அது யாருடைய பொங்கல்? பக்கத்து வீட்டு மராத்தியரும் வங்காளியரும் எட்டிப் பார்க்கவே முடியாத விழாவால் நமக்கு நண்பர்கள் பெருகுவார்களா? தெருவில் வைப்போம். அனுமதியை முறையாகக் கேட்டு வாங்குவோம். இரவு ஷிப்டு முடிந்து தூங்குகிறவரை நினைத்து, நேரத்தோடு மைக்கை நிறுத்துவோம். நாட்டிங் ஹில்லிலும் மாலை ஏழு மணியளவில் பெட்டிகள் ஓய்ந்துவிடுகின்றன.

உழைப்பால் நகரத்தை ஓட்டுகிறவனுக்கு, ஆண்டுக்கு ஒருநாள் அதன் தெருவில் தலைநிமிர்ந்து ஆடும் உரிமை உண்டு. அந்த உரிமைக்கு நாமே டிக்கெட் அடிக்க வேண்டாம்!