நாலு சொட்டு எண்ணெய்

அமெரிக்கத் துப்பாக்கிக் கண்காட்சிகளில் எண்ணெய் விற்பவர்கள் காட்டும் வித்தை ஒன்று உண்டு. மேசைமேல் சின்ன மோட்டார் ஒன்று எஃகு வளையத்தைச் சுழற்றும். விற்பவர் ஒரு கைப்பிடியை இழுத்து, பேரிங் உருளையை அந்த வளையத்தின்மேல் அழுத்துவார். சாதாரண எண்ணெய் விட்டிருந்தால் கிறீச்சிட்டு மோட்டார் நின்றுவிடும். அவருடைய சரக்கில் நாலு சொட்டு விட்டதும், தொங்கி இழுத்தாலும் நிற்காது. பர்ஸைத் திறக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

கண்ணால் பார்த்தது உண்மைதான். ஆனால் அந்த இயந்திரம் எதை அளக்கிறது? பொறியாளர்கள் டிம்கன் சோதனை என்று சொல்வதன் மலிவான நகல் அது. அழுத்தம் மிகுந்து எண்ணெய்ப் படலம் கிழிந்த பிறகும் உலோகம் உலோகத்தைக் கடித்துப் பிடிக்காமல் தடுக்கும் ரசாயனம் இருக்கிறதா என்று பார்ப்பதே அந்தச் சோதனையின் வேலை. குளோரின் ஏற்றிய பாரஃபின் கலந்தால் போதும், இதில் சுலபமாக ஜெயிக்கலாம். லாரியின் பின்னச்சுப் பற்சக்கரத்துக்கு அப்படிப்பட்ட காப்பு தேவை. துப்பாக்கியின் போல்ட்டோ, அந்த அளவு சுமை இல்லாமல் ஒரு நொடிக்கும் குறைவாகப் பின்னால் சறுக்கி முன்னால் வருவது. அதோடு, குளோரின் சேர்மங்கள் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து அமிலமாகி எஃகையே அரிக்கக்கூடும். மேசைமேல் ஜெயித்தது, பெட்டிக்குள் வைத்த துப்பாக்கியைக் கெடுக்கலாம்.

கார் எஞ்சினுக்கான இதே மாதிரி 'அற்புத' சேர்மானங்கள்மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 1990களில் வரிசையாக நடவடிக்கை எடுத்தது. ஸ்லிக் 50, புரோலாங் இரண்டும் அதில் அடக்கம். விளம்பரத்தில் சொன்னதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே ஆணையத்தின் குற்றச்சாட்டு.

துப்பாக்கி எண்ணெயிடம் நாம் கேட்பது மூன்று வேலை: கரியை இளக்க வேண்டும், உராய்வைக் குறைக்க வேண்டும், துருவைத் தடுக்க வேண்டும். இவை ஒன்றோடொன்று அவ்வளவாக ஒத்துப்போகாதவை. கரியை இளக்கும் கரைப்பான் சீக்கிரம் ஆவியாகும். துருவைத் தடுப்பதோ ஆவியாகாமல் ஒட்டியிருக்க வேண்டும். மூன்றையும் ஒரே புட்டியில் அடைத்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் குற்றம்.

சில அழுக்கை எந்த எண்ணெயும் தொடாது. பழைய ராணுவத் தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் தங்குவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒருவகை உப்பு. எண்ணெயில் உப்பு கரையுமா? அதனால்தான் .303 ரைபிள் வைத்திருந்த சிப்பாய்கள் குழலில் கொதிநீரை ஊற்றிக் கழுவினார்கள். செலவு ஒரு கெட்டில் தண்ணீர்.

எண்ணெய்ப் புட்டிகளில் வரும் 'ராணுவத் தரம்' என்ற முத்திரையையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். அமெரிக்க ராணுவத்துக்குத் துப்பாக்கி எண்ணெய்க்கென்றே மில்-பிஆர்எஃப்-63460 என்ற தரவரையறை இருக்கிறது. அதில் தேறிய சரக்குகளுக்குத் தனிப் பட்டியலும் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பது வேறு. 'வீரர்கள் பயன்படுத்துகிறார்கள்' என்று அட்டையில் அச்சடிப்பது வேறு. யாரோ ஒரு சிப்பாய் சொந்தக் காசில் ஒரு புட்டி வாங்கியிருந்தாலும் இரண்டாவது வாக்கியம் பொய்யாகாது.

சந்தேகம் தீராதவர் உப்புத்தாளில் தேய்த்த நாலைந்து ஆணிகளில் ஆணிக்கொரு எண்ணெய் தடவி, ஒன்றை மட்டும் வெறுமனே விட்டு, மழைச்சாரல் படும் ஜன்னலோரம் ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம். துருவைப் பற்றி மட்டும் அது ஒழுங்காகப் பதில் சொல்லும்; தேய்மானத்தைப் பற்றி ஆணிக்கு ஒன்றும் தெரியாது.