பொம்மையா, பந்தயக் காரா? ஆர்.சி. டூரிங் காரின் ‘செட்டப்’ கணக்கும் 70% வரியும்

நீளம் ஒன்றரை அடிகூட இல்லை. எடை சுமார் 1.3 கிலோ. ஆனால் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ஆயில் ஊற்றிய ஷாக் அப்சார்பர், டிஃபரன்ஷியல், ஆன்டி-ரோல் பார் என்று ஒரு ரேஸ் காரில் இருக்கும் பெரும்பாலான விஷயங்கள் இதிலும் உண்டு. இதுதான் போட்டிக்கான 1/10 அளவு ரேடியோ கன்ட்ரோல் டூரிங் கார், சுருக்கமாக ஆர்.சி. டூரிங் கார்.

இந்திய சுங்க வரி அட்டவணையில் இதற்கு என்ன இடம்? குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, புதிர் விளையாட்டு எல்லாம் இருக்கும் 9503 என்ற தலைப்பிலேயே ‘அளவு குறைத்த மாடல்களும்’ வருகின்றன. லாரி பாடி கட்டுவதில் பெயர் வாங்கிய நாமக்கல்லிலோ பக்கத்தில் சேலத்திலோ ஒரு இன்ஜினீயரிங் மாணவர் இந்தப் போட்டிக்குள் நுழைய நினைத்தால், முதலில் முட்டுவது இந்த வகைப்பாட்டில்தான்.

எங்கிருந்து வந்தது இந்தப் போட்டி?

ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-ல் 1/12 அளவில் போர்ஷே 934 மின்சார ஆர்.சி. காரை வெளியிட்டது. 1990-களில் 1/10 அளவில் நான்கு சக்கரமும் இழுக்கும் டூரிங் கார்கள் பிரபலமாகின. 1998 முதல் இந்தப் பிரிவுக்கு உலக சாம்பியன்ஷிப்பும் நடக்கிறது. ஐரோப்பா, ஜப்பான் ஓட்டுநர்கள் மட்டும் ஜெயிக்கும் போட்டி இது இல்லை. 2002-ல் பட்டம் வென்றவர் தாய்லாந்துக்காரர். 2008-ல் உலகப் போட்டியே பாங்காக்கில்தான் நடந்தது. நம்மைப் போலவே வெயிலும் ஈரப்பதமும் உள்ள ஊர் அது.

எல்லார் காரும் ஒன்றுதான் என்றால், ஜெயிப்பது யார்?

‘ஸ்டாக்’ பிரிவுகளில் விதிகள் கடுமையானவை. மோட்டாரின் சுற்று எண்ணிக்கை எல்லாருக்கும் ஒன்று. பேட்டரி 7.4 வோல்ட். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கூடுதல் டைமிங் கொடுக்க முடியாது. பல போட்டிகளில் டயரும் ஒரே பிராண்ட், ஒரே ரகம். காசு கொட்டி மோட்டார் வாங்கி ஜெயிக்கும் வழி அங்கே ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. மிஞ்சுவது இரண்டே விஷயம்: ஓட்டுநரின் கை, காரின் செட்டப்.

ஒரு ரேஸ் 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லேப் 15 விநாடி என்றால் மொத்தம் 20 லேப். ஒவ்வொரு லேப்பிலும் 0.1 விநாடி மிச்சப்படுத்தினால் கடைசியில் 2 விநாடி முன்னிலை. அந்த 0.1 விநாடி, வாஷர் தடிமனுள்ள ஒரு துண்டை மாற்றுவதில் கிடைத்துவிடலாம். அரை மி.மீ. மாறினாலும் காரின் நடத்தை மாறும்.

செட்டப் என்றால் என்ன?

‘டயர் ஒரு பக்கமா தேயுதா? அப்போ அலைன்மென்ட்ட பாருங்க’ என்பது எந்த லாரி பட்டறையிலும் கேட்கும் பேச்சு. அதே அறிவுதான் இங்கே மி.மீ. கணக்கில் வேலை செய்கிறது.

• கேம்பர்: முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். திருப்பத்தில் கார் ஒருபக்கம் சாயும்போதும் டயர் முழுசாகத் தரையில் படிய இது உதவும். வழக்கமாக 1.5 முதல் 2 டிகிரி.

• டோ: மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியேவா என்பது. பின்சக்கரங்களுக்குச் சுமார் 3 டிகிரி உள்நோக்கி வைப்பார்கள். கூட்டினால் கார் நிதானமாகும். ஆனால் நேர்ப்பாதையில் வேகம் கொஞ்சம் குறையும்.

• தரை இடைவெளி: சுமார் 5 மி.மீ. குறைத்தால் கார் கவிழ்வது குறையும். மேடு பள்ளமான தரையில் அடி தட்டும்.

• ஸ்பிரிங், ஷாக் ஆயில்: பொதுவாக, எந்தப் பக்கம் மென்மையோ அந்தப் பக்கம் பிடிப்பு அதிகம்.

• கியர் விகிதம்: ஸ்பீடுக்கும் பிக்கப்புக்கும் நடுவே ஒரு பேரம். பேராசைப்பட்டால் மோட்டார் சூடாகி, கடைசி ஒரு நிமிடம் கார் சோர்ந்துவிடும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு அடுத்த இரண்டு வார்த்தைகள் சுலபமாகப் புரியும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி வெளிப்பக்கமே போனால் அது ‘அண்டர்ஸ்டியர்’. பின்பக்கம் வழுக்கி வால் வீசினால் ‘ஓவர்ஸ்டியர்’. அண்டர்ஸ்டியர் என்றால் முன் ஸ்பிரிங்கை மென்மையாக்கிப் பார்க்கலாம், அல்லது பின்பக்கத்தை இறுக்கலாம். ஓவர்ஸ்டியருக்கு அப்படியே தலைகீழ்.

ஆனால் பெரிய காரில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. ஓட்டுநர் காருக்குள் இல்லை. மேடையில் ரிமோட்டோடு நிற்கிறார். சீட் அதிர்வு, ஸ்டியரிங் கனம் எதுவும் கைக்கு வராது. கண்ணும் லேப் டைமும்தான் சாட்சி.

வெயில் ஏன் பெரிய எதிரி?

கோடையில் சேலம், நாமக்கல் பகுதியில் 40 டிகிரி செல்சியஸ் என்பது புதிதல்ல. தார்த்தரையின் சூடு காற்றின் சூட்டைவிட இன்னும் அதிகம். ரப்பர் டயருக்கு ஒரு குறிப்பிட்ட வெப்ப வரம்பில்தான் நல்ல பிடிப்பு. அதைத் தாண்டினால் முதல் இரண்டு நிமிடம் பறக்கும் கார், பிறகு வழுக்க ஆரம்பிக்கும்.

இதனால்தான் உலக சாம்பியனின் செட்டப் தாளை இணையத்தில் எடுத்து அப்படியே காப்பி அடித்தால் பலிக்காது. ஐரோப்பாவின் உள்ளரங்கக் கார்ப்பெட் தரைக்கான கணக்கு, மதிய வெயிலில் காயும் பார்க்கிங் மைதானத்துக்குப் பொருந்தாது. கார்ப்பெட்டில் பிடிப்பு அதிகமாகி கார் குட்டிக்கரணம் போடுவது பிரச்சினை. இங்கே பிடிப்பு கிடைப்பதே பிரச்சினை. காலை 8 மணி செட்டப் மதியம் 2 மணிக்கு உதவாது.

எனவே அனுபவசாலிகள் வைத்திருக்கும் விதி எளிமையானது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். தரைச் சூடு, டயர், மாற்றிய பாகம், லேப் டைம் நான்கையும் நோட்டில் எழுத வேண்டும். இரண்டு விஷயத்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

இதை யார் கற்றுக்கொள்ள வேண்டும்?

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில், இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த ஃபார்முலா பாணிக் கார்களோடு இறங்குகிறார்கள். அங்கே தேவைப்படுவதும் இதே சஸ்பென்ஷன் அறிவுதான். நிஜக் காரில் ஸ்பிரிங்கை மாற்ற ஆள், ஜாக்கி, நேரம் வேண்டும். ஆர்.சி. காரில் சில நிமிட வேலை. ஒரே மாலையில் பத்து சோதனை செய்து பார்த்துவிடலாம்.

அதற்காக இரண்டும் ஒன்றென்று சொல்ல முடியாது. டயரின் நடத்தை, காற்றழுத்தத்தின் பங்கு, எடை மாறும் வேகம் ஆகியவை அளவு குறையும்போது அதே விகிதத்தில் குறைவதில்லை. எண்களை அங்கிருந்து இங்கே கொண்டுபோக முடியாது. ஆனால் சோதித்து, அளந்து, பதிவு செய்து முடிவெடுக்கும் பழக்கத்தைக் கொண்டுபோக முடியும்.

வரி எவ்வளவு?

பொம்மைகளுக்கான அடிப்படை சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20%-லிருந்து 60% ஆனது. 2023 பட்ஜெட்டில் அது 70% ஆனது. 40,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு கிட் இந்த விகிதத்தில் வந்தால் வரி மட்டும் 28,000 ரூபாய். ஆக மொத்தம் 68,000. அந்தத் தொகையின் மேல்தான் ஜிஎஸ்டி. மோட்டார், பேட்டரி, ரிமோட், டயர் எல்லாம் தனிச் செலவு.

வரியை ஏற்றியதற்குக் காரணம் இருந்தது. மலிவான, தரமற்ற இறக்குமதிப் பொம்மைகளிலிருந்து குழந்தைகளையும் உள்ளூர் உற்பத்தியாளர்களையும் காப்பது நோக்கம். அது பலனும் தந்தது. அரசுக் கணக்குப்படி, 2014-15-ஐ ஒப்பிட்டால் 2022-23-ல் பொம்மை இறக்குமதி 52% குறைந்தது, ஏற்றுமதி 239% உயர்ந்தது.

சிக்கல் எங்கே என்றால், காக்கப்படும் உள்ளூர் பொம்மையும் இந்தப் போட்டிக் காரும் ஒரே சந்தையில் மோதுவதில்லை. உலகப் போட்டிகளில் ஓடும் சேஸிகள் ஜப்பானின் தமியா, யோகோமோ, ஸ்லோவாக்கியாவின் எக்ஸ்ரே போன்ற நிறுவனங்களுடையவை. அவற்றை வாங்குபவர் குழந்தையும் இல்லை.

மாற்று வழி இருக்கிறதா?

2021 ஜனவரி முதல் அமலில் இருக்கும் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கானதையே பொம்மை என்கிறது. சுங்க அட்டவணையின் 9503 வயது கேட்பதில்லை. ஒரே அரசின் இரண்டு ஆவணங்கள், ஒரே பொருளுக்கு இரண்டு பார்வை.

அட்டவணைக்குள் கோடு போடுவது முடியாத காரியமும் அல்ல. 2023-ல் வரியை ஏற்றியபோதே எலெக்ட்ரானிக் பொம்மைகளின் பாகங்களுக்கு விலக்கு தரப்பட்டது. அதேபோல் போட்டி மாடல்களுக்கும் தனி வரி எண் தரலாம். ஆபத்து ஒன்றுதான்: சாதாரண ரிமோட் காரையும் ‘போட்டி மாடல்’ என்று எழுதி உள்ளே கொண்டுவரப் பார்ப்பார்கள். அதனால் பிரித்துக் கோக்கும் கிட், மாற்றக்கூடிய சஸ்பென்ஷன், தனியாக விற்கப்படும் பாகங்கள் என்று அளந்து பார்க்கக்கூடிய வரையறை தேவை.

அது வரும்வரை சேலத்து மாணவருக்கு நடைமுறை வழி ஒன்று உண்டு. கல்லூரி கிளப்பில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கார், ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு. டயர் தேய்வைப் பார்த்தே வண்டியின் கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குகளுக்கு நாமக்கல்லில் பஞ்சமில்லை.